மூன்றாம் மாடியில் பால் காய்ச்சிய கதை

போன மாதம் ஹோட்டலில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தா. நான் செய்த வேலைக்கு இப்போது வந்திருக்கிறவ. கோயம்புத்தூர்ப் பிள்ளை.

"அங்கிள், மூணாவது மாடியில மட்டும் வாசல்ல செருப்பு கிடக்குது. ஒரு கதவு முன்னாடி கார்பெட்ல ஸ்டிக்கர் கோலம் வேற ஒட்டியிருக்கு. கம்பெனிக்குச் சொல்லணுமா?"

"வேண்டாம் பிள்ளை. அது அவையின்ட வாசல்."

"ஹோட்டலுக்குள்ள எப்படி அங்கிள் அவங்க வாசல்?"

போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. எழுதித் தாறன் என்றேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் மவுண்ட் வெல்லிங்டனில் அட்டைப்பெட்டி செய்கிற இடத்தில் வேலை. பிறகு ஆபீஸ் கந்தோர்கள் கூட்டித் துடைத்தேன். பிறகு நகர மையத்தில் இந்த ஹோட்டல். அறை துப்புரவு செய்யச் சேர்ந்து, எல்லா அறைகளுக்கும் பொறுப்பானவனாக ஓய்வு பெற்றேன். இடையில் இருந்தது முழுக்கக் கட்டில் விரிப்பு. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

மனேஜர் கிரேம். உயரமான வெள்ளைக்காரர். காலில் சப்பாத்து எப்போதும் மினுங்கும். குரலை உயர்த்தி நான் காணவில்லை. இல்லை என்ற சொல்லும் அவர் வாயில் வராது. "என்னிடம் விடு" என்றால் இல்லை என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் கோட்டுப் பொத்தானைப் பூட்டினால் ஓம் என்று அர்த்தம். இது விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. விளங்கின பிறகு அவரோடு வேலை செய்வது சுகம்.

முதல் நாள் அவர் எனக்குக் கட்டில் விரிக்கக் காட்டவில்லை. கதவு தட்டக் காட்டினார். விரல் மூட்டால் மூன்று தட்டு. கதவு திறக்கிற கார்டால் தட்டக் கூடாது. பிறகு ஓர் அடி பின்னுக்கு எடுத்து வைக்க வேண்டும். கதவுத் துளையால் பார்க்கிறவருக்கு முழு ஆளும் தெரிய வேண்டும். யார் என்று சொல்ல வேண்டும். பார்வை நிலத்தில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் திரும்பவும் மூன்று. அதற்குப் பிறகுதான் கார்ட். அறை வெறுமை என்று கணினி காட்டினாலும் தட்டத்தான் வேண்டும்.

"கதவு உள்ளே இருக்கிறவருடையது," என்றார்.

"உள்ளே ஒருவரும் இல்லையென்றால்?"

"இல்லையென்று அவர் சொல்லும் வரை பொறு."

பகிடி என்று விளங்க எனக்கு அடுத்த நாள் ஆனது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

இனி இந்தக் கட்டிடத்தின் கதை. வெளியில் இருந்து பார்த்தால் ஒரு ஹோட்டல். உள்ளே ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர். கட்டும்போதே அடுப்படியோடு தனித்தனி வீடாக விற்றார்கள். வாங்கினவர் வாங்கின அன்றே அதைத் திரும்ப ஹோட்டல் கொம்பனிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிட வேண்டும். கொம்பனி வாடகை தரும். குத்தகை முடிந்தால் புதுப்பிக்கிற உரிமை கொம்பனிக்கு உண்டு. வேண்டாம் என்று சொல்கிற உரிமை சொந்தக்காரருக்கு இல்லை. வருடத்தில் சில இரவுகள், அறை சும்மா கிடந்தால், சொந்தக்காரர் வந்து தங்கலாம். எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிக்க ஏலாது.

ஒரு குளிர்காலம். கீழே வரவேற்பில் சத்தம். தமிழ் ஆக்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறா. பக்கத்தில் கணவர், கையில் ஒரு சின்னப் பெட்டி. கல்யாணி அக்காவும் ரகு அண்ணையும். தமிழ்நாட்டு ஆக்கள். அக்கா நேர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. வார்டு முழுக்கக் கேட்கிற குரல்.

"நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க தம்பி. என் வீட்டுக்குள்ள போறதுக்கு என் பாஸ்போர்ட்டை எதுக்குக் கேக்குறா?"

"எல்லாரிட்டயும் கேக்கிறது அக்கா. விருந்தாளி வந்தா இதுதான் முறை."

"நான் விருந்தாளியா?"

"இண்டைக்கு ஓம்."

அண்ணை சிரித்தார். "குடுத்துடு கல்யாணி. நாம வாங்கின வீட்டுல நமக்கே வரவேற்பு. யாருக்குக் கிடைக்கும்?"

மேலே கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி, தெருப் பக்கம். பழக்கத்தில் கதவை மூன்று தரம் தட்டிப் பின்னுக்கு நின்றேன். அக்கா என்னைப் பார்த்தா.

"வீட்டுக்காரி இங்க நிக்கிறேன். உள்ள யாரைக் கூப்பிடுறீங்க?"

அன்றைக்குத்தான் அவ முதன்முதல் அந்த வீட்டுக்குள் கால் வைத்தா. வரைபடத்தைப் பார்த்து வாங்கினது. குழாயைத் திறந்து பார்த்தா. அலுமாரியைத் திறந்து பார்த்தா. கட்டில் விளிம்பில் இருந்தா. பிறகு சொன்னா.

இதே நகரத்தில் எப்சம் என்ற பகுதியில் வாடகை வீடு. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அங்கே இருந்தவர்கள். பிள்ளைகள் படித்து முடித்து ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார். வீட்டை விட்டு எழும்ப வேண்டும். பென்ஷனில் இன்னொரு வாடகை வீடு எடுக்கக் கட்டாது.

"சொந்தமா வீடு இருக்கு. உள்ள வந்து இருக்க முடியல. கம்பெனிக்கு எழுதினோம். குத்தகையைப் புதுப்பிக்கப் போறோம், உரிமை எங்களுதுன்னு பதில் வந்துச்சு. வக்கீலப் பாத்தோம். தனியா நின்னு சண்டை போட்டா வீட்டை வித்துத்தான் ஃபீஸ் கட்டணும்னு சொல்லிட்டார். இதுல இருந்து வெளிய வர வழியே இல்லையா தம்பி?"

"எனக்குத் தெரியாது அக்கா. மனேஜரைக் கேட்டுப் பாக்கிறன்."

கேட்டேன். "என்னிடம் விடு," என்றார் கிரேம். எனக்குப் பதில் விளங்கியது.

ஆனால் அன்றைக்கு அவர் போகவில்லை. சன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் இளவயதில் பிரான்சில் பனிமலை ஊர் ஒன்றில் வேலை செய்ததைச் சொன்னார். அங்கேயும் இதே ஏற்பாடுதானாம். இங்கிலாந்து, அயர்லாந்து ஆக்கள் வந்து விடுமுறைக்கு என்று வீடு வாங்கி, அதையே கொம்பனிக்குக் குத்தகைக்கு விடுவார்கள். பிறகு வெளியே வர ஏலாது. குத்தகை முடிந்து கொம்பனியை எழுப்ப வேண்டுமென்றால் சொந்தக்காரர்தான் கொம்பனிக்கு நட்டஈடு கட்ட வேண்டும். அதுதான் அந்த நாட்டுச் சட்டம்.

"அங்கே வீடு வாங்கின ஒரு கிழவர் ஒவ்வொரு வருடமும் வருவார். சாமான் அறையில் தன் பனிச்சறுக்குக் கட்டையை வைக்க இடம் கேட்பார். ஒவ்வொரு வருடமும் நான் இடமில்லை என்று சொல்ல வேண்டும்."

அவ்வளவுதான். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அந்தக் குளிர்காலத்திலேயே திரும்பவும் இரண்டு இரவு கேட்டு எழுதினா. அறைகள் சும்மா கிடந்த நேரம். வரவேற்பில் கேட்க முதலே பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தா. என்னைத் தனியாகக் கூப்பிட்டா.

"தம்பி, வீடு வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு. பால் காய்ச்சல. அடுத்த தடவை வர்றப்போ காய்ச்சிடப் போறேன். பக்கத்துல யாரு இருக்காங்க?"

"சிட்னியில இருந்து ரெண்டு பேர். நாளைக்குப் போயிடுவினம்."

"அது தங்க வந்தவங்க. வீட்டுக்காரங்க யாரு?"

"தெரியாது அக்கா. தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது."

"அக்கம்பக்கத்தைக் கூப்பிடாம யாராவது பால் காய்ச்சுவாங்களா? உங்க ஊர்ல கூப்பிட மாட்டீங்களா?"

"குடிபூரலுக்குக் கூப்பிடுவம். அங்க அக்கம்பக்கம் இருந்தது."

"இங்கயும் இருக்கும். தேடினா கிடைப்பாங்க."

ரகு அண்ணை தேடினார். இந்த நாட்டில் நிலப்பதிவை யாரும் பார்க்கலாம். எந்த வீடு யார் பெயரில் என்று அதில் இருக்கும். மூன்றாம் மாடி முழுக்க எடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்பு போனது. ஆங்கிலத்தில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. எங்கள் வீட்டில் பால் காய்ச்சுகிறோம், நீங்கள் எங்கள் அக்கம்பக்கம், அவசியம் வர வேண்டும் என்று. இதுவரை ஒருவரை ஒருவர் கண்டிராத ஆக்கள்.

அறைக்குள் நிறையப் பேர் வருவதென்றால் மனேஜருக்குச் சொல்ல வேண்டும். போய்ச் சொன்னேன்.

"என்ன விசேஷம்?"

"பால் காய்ச்சுகினம். வீட்டுக்குப் புதுசா வந்தா செய்யிறது. பால் பொங்கி வழிய வேணும்."

"வேண்டுமென்றே?"

"ஓம்."

கொஞ்சம் யோசித்தார். "வருகிறது யார்?"

"அக்கம்பக்கம்."

"இங்கே அக்கம்பக்கம் கிடையாதே யோகன்."

"மூண்டாம் மாடிச் சொந்தக்காரர் எல்லாரும்."

கிரேம் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

அந்தச் சனிக்கிழமை காலை மழைத் தூற்றல். நான் கதிரைகள் கொண்டுபோய்ப் போட்டேன். வந்தார்கள். வைகாட்டோவில் மாடு வளர்க்கிற டேவ் என்ற கிழவர். ஆரஞ்சு நிறத் தோடம்பழத்தோடு ஒரு சீனப் பல் வைத்தியர் அம்மா. இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் கட்டில் விளிம்பிலும் கதிரையிலும் இருந்து மழையைப் பற்றிக் கதைத்தார்கள். மழையைப் பற்றிக் கதைக்க எவ்வளவு இருக்கு? முடிந்துவிட்டது. பிறகு சும்மா இருந்தார்கள்.

அக்கா அடுப்பில் பால் வைக்கப் போனா. நான் முன்கூட்டியே சொன்னேன். பால் கண்ணாடி அடுப்பில் வழிந்தால் கருகிப் புகையும். அந்தப் புகையை அறைக்குள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கு மேலே காற்றாடி ஓட வேண்டும். சன்னல் எவ்வளவு திறக்குமோ அவ்வளவும் திறக்க வேண்டும். அறைகளுக்கு நடுவில் போகிற ஒழுங்கைப் பக்கக் கதவை மட்டும் திறக்கக் கூடாது. அறைக்குள் புகை என்றால் அந்த அறையில் மட்டும் மணி அடிக்கும். ஒழுங்கைக்குப் புகை போனால் முழுக் கட்டிடத்துக்கும் அடிக்கும்.

"கதவைச் சாத்திக்கிட்டுப் பால் காய்ச்சுறதா? மகாலட்சுமி எப்படி உள்ள வருவா?"

"அவவும் கார்ட் எடுத்துத்தான் வர வேணும் அக்கா."

"அவகிட்டயும் பாஸ்போர்ட் கேப்பீங்களா?"

"திறக்காதேங்கோ. அவ்வளவுதான்."

நான் இன்னொரு கதிரை எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது கதவு அகலத் திறந்திருக்கு. கதவு மூடாமல் இருக்க அடியில் தேங்காய் ஒன்று வைத்திருக்கு. உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. எல்லாரும் கை தட்டுகினம். டேவ் எழும்பி நின்று தட்டுகிறார். புகை என்னைத் தாண்டி ஒழுங்கைக்குள் போனது. நான் அண்ணாந்து பார்த்தேன்.

மணி அடித்தது.

பிறகு முறைப்படி நடந்தது. அடுப்பை நிற்பாட்டினேன். எல்லாரையும் படிக்கட்டால் இறக்கினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எதிர்ப்பக்க நடைபாதையில் கூடுகிற இடம். குளியல் அங்கியோடு விருந்தாளிகள், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு ஒருவர், அழுகிற குழந்தை ஒன்று. நடுவில் ரகு அண்ணை. இரண்டு துவாயால் பால் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒண்டும் எடுக்கக் கூடாது எண்டு சொன்னனான் அண்ணை."

"எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தேன் யோகன். பாலை எப்படி விடுறது?"

அக்காவின் கைப்பையில் காகிதக் கப் இருந்தது. நிற்கிற எல்லாருக்கும் ஊற்றினா. சொந்தக்காரர், விருந்தாளி என்று பார்க்கவில்லை. குளிரில் சுடு பால். சனம் குடித்தது. அறைக்குள் மழையைத் தவிர வேறு கதை இல்லாதவர்கள் எல்லாம் நடைபாதையில் கதைக்கத் தொடங்கினார்கள்.

அக்கா டேவிடம் கேட்டா. "குளியலறை எல்லாம் புதுசா மாத்தணும், உங்க பங்குப் பணம் குடுங்க, கையெழுத்துப் போடுங்கன்னு உங்ககிட்டயும் கம்பெனி ஆள் வந்தாங்களா?" இங்கிலீஷில்தான் கேட்டா. நான் அவ கதைக்கிற மாதிரி எழுதுகிறேன்.

"வந்தார்கள். நான் இன்னும் போடவில்லை. மாடியில் மற்ற எல்லாரும் போட்டுவிட்டார்கள், நான் மட்டும்தான் மிச்சம் என்று சொன்னார்கள். வெட்கமாக இருந்தது."

பல் வைத்தியர் அம்மா கப்பை வாயில் இருந்து எடுத்தா. "என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். நான் மட்டும்தான் மிச்சம் என்று."

"எங்ககிட்டயும்," என்றார் ரகு அண்ணை.

ஆளை ஆள் பார்த்தார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. டேவ் முதலில் சிரித்தார். மாட்டுப் பட்டி முழுக்கக் கேட்கிற சிரிப்பு. அக்காவின் குரலும் அவர் சிரிப்பும் ஒரு அளவு. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து நிற்க, இறங்கினவர்கள் நெருப்பு எங்கே என்று கேட்காமல் என்ன பகிடி என்று கேட்டார்கள். அவர்களுக்கும் பால் கிடைத்தது.

கிரேம் மஞ்சள் மேலங்கியோடு கொஞ்சம் தள்ளி நின்றார். கையில் பெயர்ப் பட்டியல். முதுகு எங்கள் பக்கம். அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். மேலங்கியை விலக்கிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். குளிருக்கோ வேறு எதற்கோ எனக்குத் தெரியாது.

தீயணைப்பு வண்டி சும்மா வந்தால் அதற்குக் கட்டணம் வரும். அது யார் கணக்கு என்று பிறகு கேட்டேன்.

"என்னிடம் விடு," என்றார். அந்த ஒருமுறை மட்டும் அதற்கு அர்த்தம் வேறு.

அதற்குப் பிறகு நடந்ததில் என் வேலை ஒன்றுமில்லை. அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வக்கீலைப் பிடித்தார்கள். தனித்தனியாகக் கொம்பனியோடு கதைப்பதில்லை என்று பேச்சு. கொம்பனிக்குக் குளியலறையும் கார்பெட்டும் மாற்றியே ஆக வேண்டும். அறைகள் பழசாகி விருந்தாளிகள் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. மூன்றாம் மாடி ஆக்கள் மற்ற மாடி ஆக்களையும் தேடிப் பிடித்தார்கள். கட்டிடம் முழுக்க ஒரே பதில் போனது. கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் வெளியே வர விரும்புகிறவர்களை வெளியே விடுங்கள்.

சிதறிச் சிதறி விட ஏலாது என்றது கொம்பனி. அதுவும் ஞாயம். ஒரு மாடியில் துப்புரவு ரொலி வண்டி பாதிக் கதவுக்குப் போய், பாதிக் கதவுக்குப் போகாமல் நின்றால் வேலை நடக்காது. அப்படியென்றால் ஒரு மாடியை முழுசாக விடுங்கள் என்றார் டேவ். மூன்றாம் மாடிக்குப் பஸ் சத்தம். விருந்தாளிகள் எப்போதும் மேலேதான் கேட்பார்கள். அந்த மாடியை விட்டால் கொம்பனிக்கு நட்டம் குறைவு. மூன்றாம் மாடியில் இரண்டு பேருக்கு வாடகை வந்தால் போதும். மேலே இருந்த இரண்டு பேருக்கு வெளியே வர விருப்பம். வீட்டை வீட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

எழுதும்போது சுருக்கமாகத்தான் இருக்கு. நடக்கும்போது அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது.

இதற்குள் எப்சம் வீடு விற்றுப்போனது. அக்காவும் அண்ணையும் மவுண்ட் வெல்லிங்டனில் தெரிந்த ஒருவரின் பின்னறைக்கு வந்தார்கள். என் வீட்டுக்குக் கிட்ட. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பெட்டிகள் கூரைவரை அடுக்கியபடி. ஒன்றையும் திறக்கவில்லை. கூதல் நாளில் இரண்டு பேருக்கும் ஒரு கம்பளி.

"மிச்சக் கம்பளி எங்க அண்ணை?"

"ஏதோ ஒரு பெட்டியில இருக்கு. பிரிக்க வேண்டாம்னு உங்க அக்கா சொல்லிட்டா. பிரிச்சா இங்கயே தங்கிடுவோமாம்."

"நீங்க என்ன சொன்னீங்கள்?"

"நானா? குளுருதுன்னு சொன்னேன்."

ஒருநாள் அக்கா சத்தமில்லாமல் இருந்தா. கேட்டதற்கு, "நடக்காதோன்னு தோணுது தம்பி," என்றா. அவ மெல்லக் கதைத்தது அன்றைக்குத்தான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தா.

வசந்தம் தொடங்க, கொம்பனி கையெழுத்துப் போட்டது.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு முறை உண்டு. ஹோட்டல் சாமான் எல்லாம் வெளியே வர வேண்டும். கட்டில், டிவி, கேத்தில், சுவரில் இருந்த பாய்க்கப்பல் படம், கதவில் இருந்த நெருப்பு வந்தால் ஓடுகிற வழிப் படம். அந்த வழிப் படத்தை மட்டும் திரும்ப மாட்டினேன். இந்த வீட்டுக்கு அது வேணும். கடைசியாகக் கதவுப் பூட்டு. கார்ட் பூட்டைக் கழற்றிவிட்டுச் சாவிப் பூட்டுப் போட்டேன். சாவியைக் கிரேம் தன் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று வந்தார். சப்பாத்து வழமையிலும் மினுங்கியது.

அக்கா சாவியை வாங்கினா. உள்ளே போனா. அண்ணையும் போனார். கதவைச் சாத்தினா. உள்ளே இருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது.

நானும் கிரேமும் ஒழுங்கையில் நிற்கிறோம். உள்ளே சிரிப்புச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

என் இடுப்பில் எல்லாக் கதவும் திறக்கிற கார்ட் தொங்குது. இந்தக் கதவுக்கு அது இனிச் செல்லாது. கிரேம் அதைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

பிறகு விரல் மூட்டால் மூன்று தரம் தட்டினார். ஓர் அடி பின்னுக்கு வந்தார். பார்வையை நிலத்தில் போட்டார்.

"யாரு?" உள்ளே இருந்து அக்காவின் குரல். மாடி முழுக்கக் கேட்டது.

கிரேம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கேள்வி விளங்கியிருக்கும்.

நான் சொன்னேன்.

"அக்கம்பக்கம்."

கதவு திறந்தது. அடுப்பில் பால் இருந்தது. இந்த முறை நானே கதவைச் சாத்தினேன்.